காலி மைதானம் புகட்டும் பாடம்



ஓர் ஊருக்கு விளையாட்டு மைதானம் எதற்கு? உலகப் புகழுக்கா, ஊர்ப் பிள்ளைகளுக்கா? இவ்வினாவைக் காலி நகரத்துக் கிறிக்கெற் மைதானத்தை முன்வைத்துச் சிறிது ஆராய விரும்புகின்றேன்.

காலிக் கோட்டை மதிலின் அடிவாரத்தே, கடலை அயலாகக் கொண்ட இம்மைதானம் முன்னாளிலே குதிரைப் பந்தயத் திடலாக விளங்கியது. பந்தயம் ஒழிந்தது, கிறிக்கெற் நிலைத்தது. மெதடிஸ்த மிஷனார் நிறுவிய றிச்மண்ட் கல்லூரியும் பௌத்தர்களின் மகிந்த கல்லூரியும் 1905ஆம் ஆண்டில் முதன்முதல் எதிர்த்தாடின. அவ்வாட்டத்துக்கு நடுவராக நின்றவர்கள் யாவர்? இரு கல்லூரிகளின் அதிபர்களாகிய டரல் பாதிரியாரும் வுட்வார்ட் அவர்களுமே! சமயம் வேறாயினும் ஆட்டவிதி ஒன்றே என்பதை மாணவர் கண்ணாரக் கண்டனர்.

உலகப் புகழ் பின்னரே வந்தது. 1998ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நியூசிலாந்துடன் இங்கு முதலாவது ரெஸ்ற் போட்டி நடைபெற்றது. 2004 டிசம்பர் 26இல் கடற்கோள் அனைத்தையும் வாரிச் சென்றது. ஆயினும் 2007 டிசம்பரில் இங்கிலாந்து அணியை மைதானம் மீண்டும் வரவேற்றது. 2010 யூலை 22இல் முத்தையா முரளிதரன் தமது 800ஆவது விக்கெற்றை வீழ்த்தி ரெஸ்ற் வாழ்விலிருந்து விடைபெற்றதும் இங்கேதான்.

2018ஆம் ஆண்டிலோ வேறொரு சோதனை. கடற்கோளின் பின் எழுப்பிய பார்வையாளர் மண்டபம் மரபுரிமைச் சட்டத்துக்கு மாறானது, அதனால் 1988இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பெற்ற கோட்டை அந்தப் பெருமையை இழக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. கோட்டையா மைதானமா எனப் பலரும் கலங்கினர்.

அன்பர்களே, இங்கேதான் நாம் சிந்திக்கவேண்டும். கடல் கொண்டு போனது கட்டடத்தை. வழக்கில் அகப்பட்டதும் கட்டடமே. புற்றரையும் ஆடுகளமும் இருந்தாற் போதும், பிள்ளைகள் ஆடுவர். நுழைவுச்சீட்டு வாங்க வகையற்றவர்கள் கோட்டை மதிலில் அமர்ந்து இலவசமாகவே பெரும் போட்டிகளைக் கண்டு களித்திருக்கின்றனர். மண்டபம் அவர்களுக்கு ஒருநாளும் தேவைப்படவில்லை.

பெரும் போட்டி ஆண்டிற் சில நாள். ஊர்ப் பிள்ளைகளின் மாலைப்பொழுதோ நாள்தோறும் வருவது. ஆகவே நம் ஊர்களில் மைதானம் அமைக்க முன்வருவோர், ஆசனங்களை எண்ணுமுன் அங்கு ஆடப்போகும் பிள்ளைகளை எண்ணுவார்களாக. வாயிற்கதவு பூட்டிய மைதானம் எத்துணை அழகியதாயினும் வெறும் புல்வெளியே.