பேசும் ஆங்கிலம், எழுதும் ஆங்கிலம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



விருத்தாசலத்துப் பையனுக்குச் சூளையைப் பற்றி எல்லாம் தெரியும். இன்டர்வியூவில் ஆங்கிலம் என்றால் வாய் திறக்க மாட்டான் என்று ஒரு பேச்சு உண்டு. காரணம் அறிவுக் குறைவு அல்ல. புத்தகத்தில் உள்ளபடியே பேச வேண்டும் என்று நினைத்து, வாக்கியத்தை மனசுக்குள்ளேயே கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கோம்.

ஓர் உதாரணம். ரிப்போர்ட்டில் எழுதுகிறோம்: "ட்யூ டு எக்ஸெசிவ் ஷ்ரிங்கேஜ் ஆஃப் தி கிளேஸ், கிரேசிங் வாஸ் அப்சர்வ்டு." பீங்கானைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால்: "வெல், தி கிளேஸ் ஷ்ரேங்க் டூ மச், யூ நோ, ஸோ இட் கிரேஸ்டு."

விஷயம் ஒன்றுதான். சூளை ஆறும்போது கிளேஸ் பாடியைவிட அதிகமாகச் சுருங்கி, மேலே மெல்லிய விரிசல் விட்டுடுச்சு. எழுத்தில் 'ஷ்ரேங்க்' என்ற வினை 'ஷ்ரிங்கேஜ்' என்ற பெயராகிவிட்டது. ஐந்து கனமான சொற்கள் ஒரே வாக்கியத்தில் அடைந்துவிட்டன. பேச்சில் அதுவே சின்னச் சின்னத் துண்டுகள். மொழியியல் அறிஞர் ஹாலிடே இந்த அடர்த்தியைத்தான் எழுத்தின் அடையாளமாகச் சொன்னார். பேச்சுக்கும் தனக்கென ஓர் ஒழுங்கு உண்டு என்றும் காட்டினார்.

'வெல்', 'யூ நோ', 'ஸோ' எல்லாம் தடுமாற்றம் இல்லீங்க. டெபோரா ஷிஃப்ரின் 1987-இல் வெளியிட்ட நூலில் இப்படிப்பட்ட 11 சொற்களை ஆராய்ந்திருக்கிறார். நாம் 'வந்து', 'பாருங்க', 'அதனால' என்கிறோமே, அதே வேலை. கேட்பவரைக் கூடவே அழைத்துப் போகிற வேலை.

நம் நாட்டு ஆங்கிலத்துக்கும் 10 லட்சம் சொற்கள் கொண்ட தொகுப்பு ஒன்று உண்டு. கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகம் அதில் பங்கேற்றது. 500 பகுதிகளில் 300 பேச்சு, 200 எழுத்து. நாம் 'இன்னிக்கே' என்பதை 'டுடே இட்செல்ஃப்' என்றும், 'அவர்தான்' என்பதை 'ஹீ ஒன்லி' என்றும் பேசுவதை இன்று ஆய்வாளர்கள் இந்திய ஆங்கிலத்தின் இயல்பாகவே எடுத்து ஆராய்கிறார்கள்.

ஆகவே தம்பிகளே, இன்டர்வியூவில் சிறு துண்டுகளாகப் பேசுங்கள். ரிப்போர்ட்டில் மட்டும் 'யூ நோ' வேண்டாம். அதைப் படிப்பவர் சூளைப் பக்கத்தில் நிற்கவில்லை, எல்லாவற்றையும் எழுத்துதான் சொல்லணும்.

வீட்டில் 'வந்துட்டேன்', கட்டுரையில் 'வந்துவிட்டேன்' என்று சின்ன வயசிலிருந்தே இரண்டையும் கையாளுகிறவர்கள் நாம். தமிழில் வருவது ஆங்கிலத்திலும் வரும். துணிந்து பேசுங்கள்.