இருட்டறையில் எத்தனை பேர்?



பள்ளியில் பயின்ற நாளில் நான் மனப்பாடம் செய்த எண்கள் இரண்டு: 146, 123. 1756-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள் இரவு, கல்கத்தாவின் வில்லியம் கோட்டையைக் கைப்பற்றிய வங்க நவாப் சிராஜ்-உத்-தௌலாவின் ஆட்கள் 146 பேரைச் சிற்றறை ஒன்றில் அடைத்தனர். விடிவதற்குள் 123 பேர் மூச்சுத் திணறி மாண்டனர் என்பது பாடம். ‘இருட்டறைத் துயரம்’ என்று அதற்குப் பெயர். எண்களைப் பிழையின்றி எழுதி மதிப்பெண் பெற்றேன். எண்ணியவர் யார் என்று அன்று நான் கேட்கவில்லை.

எண்ணியவர் ஹால்வெல். ஆளுநர் டிரேக் கப்பலேறித் தப்பியபின் கோட்டையைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர். அவ்வறையில் அடைபட்டுப் பிழைத்தவரும் அவரே. அவர் எழுதிய விவரம் 1758-இல் அச்சாயிற்று. கண்ணால் கண்டவர் ஆதலின் அவர் சொல்லைத் தள்ள முடியாது. தோற்ற கோட்டையின் தலைவர் ஆதலின் அதை அப்படியே கொள்ளவும் முடியாது. அவர் கூற்றின்படியே அறையின் அளவு ஏறத்தாழப் பதினெட்டுக்குப் பதினெட்டு அடி. கணக்கிட்டால், ஆளொன்றுக்கு இரண்டேகால் சதுர அடியும் இல்லை!

ஐயம் எழுந்தது. வங்க அறிஞர் அட்சயகுமார் மைத்ரேயா மறுத்து எழுதினார். 1915-இல் லிட்டில் என்னும் ஆங்கிலேயரே ஹால்வெல்லின் கதை நம்பத்தக்கதன்று என வாதிட்டார். 1959-இல் பிரிஜேன் குப்தா சான்றுகளை ஒப்பிட்டு, அடைபட்டோர் சுமார் 64 பேர், பிழைத்தோர் 21 பேர் என்று கணித்தார். இதற்கிடையே 1902-இல் கர்சன் பிரபு எழுப்பிய நினைவுத் தூண், சுபாஷ் சந்திர போஸ் முன்னின்ற கிளர்ச்சியின் பயனாக 1940-இல் பொது வீதியிலிருந்து அகற்றப்பட்டது.

இங்கேதான் நம் நேர்மைக்குச் சோதனை. நம் நாட்டவர்மீது சுமத்தப்பட்ட பழி ஆதலின், முழுவதும் கட்டுக்கதை என்று சொல்ல மனம் விழைகிறது. ஒரு காலத்தில் நானும் அவ்வாறே வாதாடினேன். ஆனால் குப்தாவின் கணக்கின்படியும் நாற்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. எண் மிகையானது என்பதால் இறப்பு பொய்யாகிவிடாது. இறப்பு மெய் என்பதால், அது நவாபின் ஆணை என்பதும் மெய்யாகிவிடாது. ஹால்வெல்லே அப்படிக் கூறவில்லை, காவலரின் பழியுணர்ச்சியையே காரணமாகக் காட்டினார்.

வரலாற்றாசிரியன் தீர்ப்புக் கூறாமல் நடந்ததை மட்டும் காட்டவேண்டும் என்றார் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானிய அறிஞர் ராங்கே. எந்தச் செய்தியை எடுத்துக் காட்டுவது என்று தேர்ந்தெடுப்பவனே அவன்தான் என்று 1961-இல் நினைவூட்டினார் ஈ. எச். கார். இருவர் சொல்லிலும் உண்மை உண்டு. அந்த இரவைப் பற்றிப் பேசுவதா, ஓராண்டு கழித்து நடந்த பிளாசிப் போரைப் பற்றிப் பேசுவதா என்பது நம் தேர்வு. ஆனால் இறந்தவர் எத்தனை பேர் என்பது நம் தேர்வன்று.

ஆகவே, ஓர் எண்ணை மனப்பாடம் செய்யுமுன், எண்ணியவர் யார் என்று கேளுங்கள். கிடைக்கும் விடை உங்கள் மனத்துக்கு உகந்ததாயின், இன்னும் ஒருமுறை கேளுங்கள்.