அணை கட்டியவர் பெயரும் அருந்தமிழ்ப் பெயரும்



பெயர் வெறும் ஒலியன்று. அஃது ஓர் இனத்தின் நினைவு. ஒரு மொழியின் பொறிப்பு. ஒரு பெயர் எந்நாட்டினின்று வந்தது, வந்தவிடத்து என்ன வடிவு கொண்டது, எவ்வெவ்வாறு வழங்கிற்று என்று ஆராய்ந்தால் இரண்டு இனங்களின் வரலாறு வெளிப்படும். கம்பம் பள்ளத்தாக்கில் வேரூன்றிய ஓர் அயற்பெயர் இதற்குத் தக்க சான்று.

தேனிப் பேருந்து நிலையம் அப்பெயர் தாங்கி நிற்கின்றது. கூடலூருக்கு அப்பால் மலையடியில் 2013 சனவரி 15-ஆம் நாள் திறக்கப்பெற்ற நினைவகமும் அப்பெயரினதே. உழவர் இல்லங்களில் தெய்வப் படங்களோடு அவர் படமும் தொங்குகின்றது. பாலார்பட்டி மக்கள் அவர் பிறந்த நாளில் பொங்கலிட்டுப் படைக்கின்றனர். பெற்றோர் தம் மக்கட்கும் அப்பெயரை இடுகின்றனர். அவரே பொறியாளர் சான் பென்னிகுயிக்கு.

1841 சனவரி 15-இல் பூனாவில் பிறந்த அவர், மேற்கே ஓடிக் கடலிற் கலந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, அந்நீரைக் கிழக்கே வையைக்குத் திருப்பினார். 1887-இல் தொடங்கிய வேலை 1895-இல் நிறைவுற்றது. சுண்ணமும் செங்கற்பொடியும் குழைத்துக் கட்டிய அணை அது. கட்டக் கட்ட வெள்ளம் அடித்துச் சென்றது. காட்டுக் காய்ச்சல் தொழிலாளரைக் கொன்றது. வானம் பார்த்துக் கிடந்த நிலம் நெல் விளைத்தது. தம் சொத்தை விற்று அவர் அணையை முடித்தார் என்னும் செய்தி ஊர்தோறும் வழங்குகின்றது. அதற்கு ஆவணச் சான்று இல்லை. ஆயினும் நன்றி மறவா நெஞ்சம் தானே ஒரு கதையைப் படைத்துக் கொள்ளும் என்பதற்கு அச்செய்தியே சான்று.

இனி அப்பெயரின் பொருளை நோக்குக. இசுக்காட்லாந்தில் எடின்பரோ நகருக்குத் தெற்கே உள்ளதோர் ஊரின் பெயரே அவர் குடிப்பெயராயிற்று. 'பென்' என்பது தலை அல்லது குன்று. பின்னுள்ள சொல் குயிலினப் பறவையைக் குறிப்பது. தமிழிற் சொன்னால் குயிற்குன்றம்! எத்துணை இனிய பெயர்! ஆனால் அப்பெயரை ஈன்ற மொழி ஆங்கிலமன்று. வேல்சு மொழிக்கு உறவான பழைய மொழி. அம்மண்ணில் அம்மொழி இன்றில்லை. மக்கள் மாண்டு போகவில்லை. மொழி மட்டுமே மாண்டது! ஊர்ப்பெயர்களில் அதன் எலும்புகள் கிடக்கின்றன. பெயர் நிற்க மொழி மாய்ந்த அந்நிலை தமிழுக்கு வரலாமா? எண்ணிப் பாருங்கள்!

அயற்பெயரை ஏற்பதற்கும் முறை உண்டு. வடசொல் வந்தால் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் ஆளுக என்று தொல்காப்பியம் அன்றே வரம்பு கட்டியது. வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடியாது. ஆகவே 'குயிக்' என்பது 'குயிக்கு' ஆகும். சப்பானியரைப் பாருங்கள்! அயற்பெயர்களை எழுதுதற்குக் 'கத்தகனா' என்னும் எழுத்து வரிசையை அவர்கள் வழங்குகின்றனர். 'க்' என்று முடியும் அயற்சொல்லை அவர்களும் 'கு' என்றே முடிப்பர். அதனால் அவர்கள் தாழ்ந்து விட்டனரா? தம் நாவின் இயல்புக்கு அயலொலியைப் பணிய வைத்தே தொழிலில் உயர்ந்தனர்.

இப்பள்ளத்தாக்கின் பெயர்மரபோ மிகத் தொன்மையானது. ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகற்கள் கிறித்துவுக்கு முற்பட்டவை. கூடல் என்னும் ஊரில் நடந்த ஆகோட் பூசலில் வீழ்ந்த அந்தவன் என்னும் வீரன் பெயரை ஒரு கல் தாங்கி நிற்கின்றது. ஒரு மறவன் பெயரையும் மறவாது கல்லில் வெட்டிய இனம் இது! அவ்வினத்தின் வழித்தோன்றல்கள் இன்று மலையடியிலுள்ள ஊரை 'லோயர் கேம்ப்' என்கின்றனரே! பாசறைக்குப் 'பாடி' என்னும் பழஞ்சொல் இருக்கிறதே! 'கீழ்ப்பாடி' என்றால் நா சுளுக்குமா?

பென்னிகுயிக்கின் பெயர் நிலைக்கட்டும். தமிழ்நாட்டு அரசு 2022-இல் அவர் வாழ்ந்து மறைந்த இங்கிலாந்தின் கேம்பர்லியில் சிலை எழுப்பியதும் தகும். ஆனால் அவரொடு கல் சுமந்து மாண்ட தொழிலாளர் பெயர் எங்கே? அந்தவனுக்குக் கல் நட்ட மண்ணில் அவர்கட்கொரு கல் வேண்டாவா? அவர்கள் பெயர்களைத் தேடித் திரட்டுவது இளைஞர் கடன்.

நன்றி வேறு, அடிமைமை வேறு. நீர் தந்தவனை வணங்குக. நாவைத் தந்த தாயை மறவற்க! பிறக்கும் மக்கட்குத் தமிழ்ப்பெயர் இடுக! ஊர்க்கும் கடைக்கும் தமிழ்ப்பெயர் எழுதுக! ஆறு வற்றினால் அணை கட்டலாம். மொழி வற்றினால் எதனைக் கொண்டு கட்டுவது?

வாழ்க தமிழ்! வெல்க தமிழினம்!