தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் முன்
(தோட்டப் பெற்றோர், மாணவர் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



மழையையும் பாராமல் வந்திருக்கிறீர்கள். அதிகம் பேசி நேரத்தைப் போக்க மாட்டோம்.

ஆஸ்பத்திரியில் நம் அம்மாமார் படும் பாடு உங்களுக்குத் தெரியும். எங்கே வலிக்கிறது என்று சிங்களத்தில் சொல்லத் தெரியாமல் கையால் காட்டிவிட்டு வருகிறார்கள். மருந்தை எத்தனை வேளை குடிப்பது என்று பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடம் கேட்கிறார்கள். தமிழ் பேசும் ஒரு தாதி அந்த வார்டில் இருந்தால் பாதிப் பயம் போய்விடும். அந்தத் தாதி நம் லயத்திலிருந்தே போக வேண்டும் என்றுதான் இந்தக் கூட்டத்தை வைத்தோம்.

இப்போது டவுனில் பார்க்கும் இடமெல்லாம் நோட்டீஸ்: குறுகிய காலத்தில் தாதியாகலாம் என்று. அமெரிக்காவில் விரைவுத் தாதியர் பட்டப்படிப்பு இருப்பது உண்மைதான். ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் முடிகிறது. ஆனால் அது ஏற்கெனவே வேறொரு பட்டம் பெற்றவர்களுக்கு. உயர்தரம் முடித்த பிள்ளைக்கு அந்த வழி இல்லை.

நம் டிவிஷனில் ஒரு தாய் நகையை அடகு வைத்து மகளை ஒரு நிலையத்தில் சேர்த்தார். ஆறு மாதத்தில் சான்றிதழ் கிடைத்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக விண்ணப்பிக்க அது உதவவில்லை. நகை இன்னும் அடகில்தான். அந்தத் தாயைக் குறை சொல்ல மாட்டோம். நம்மிடம் வந்து கேட்டிருந்தாலும் அன்று நமக்கும் சரியாகத் தெரிந்திருக்காது. இனிமேல் பணம் கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இதை முடித்தால் இலங்கைத் தாதியர் சபையில் பதிய முடியுமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

நமக்கு இருக்கும் வழி சுகாதார அமைச்சின் பயிற்சி. 3 வருடம். கண்டி, பதுளை போன்ற இடங்களில் கல்லூரிகள் உண்டு. படிக்கும் காலத்தில் மாதக் கொடுப்பனவும் கிடைக்கும். ஆண் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். ஆனால் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு வேண்டும். அங்கேதான் நமக்கு அடி விழுகிறது. தோட்டப் பாடசாலைகள் பல சாதாரண தரத்தோடு நின்றுவிடுகின்றன. பஸ் காசு கூடும் என்று பிள்ளையைப் பக்கத்தில் உள்ள கலைப்பிரிவில் சேர்க்கிறோம். அன்றே இந்தக் கதவு மூடிவிடுகிறது.

நல்ல இசட் புள்ளி எடுத்தால் பல்கலைக்கழகத்தில் 4 வருடத் தாதியர் பட்டத்துக்கே போகலாம். யாழ்ப்பாணம், பேராதனை, கிழக்குப் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. நுவரெலியாவும் பதுளையும் பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 சதவீத ஒதுக்கீட்டுக்குள் வருகின்றன. அந்த இடம் கிடைக்காவிட்டாலும் மனம் உடையாதீர்கள். அமைச்சின் பயிற்சி முடித்து வேலை செய்துகொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டம் பெறலாம்.

அமைச்சின் அழைப்பு வர்த்தமானியில் வரும். வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் தமிழிலும் வெளியாகிறது. வயது எல்லை, பாடங்கள், முடிவுத் திகதி எல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்த பிறகு ஆவணம் தேடப் புறப்பட்டால் திகதி போய்விடும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலையில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஓர் எழுத்து மாற்றம். நம் வீடுகளில் இது புதிதல்ல. பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம்தான் திருத்த வேண்டும். ஒரு நாளில் முடிகிற வேலையில்லை. ஒரு நாள் பேர் போகும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

வரும் ஞாயிறு காலை சங்கக் காரியாலயத்தில் இருப்போம். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பெறுபேற்றுப் பத்திரம் மூன்றையும் கொண்டு வாருங்கள். பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்து, பிழை இருந்தால் திங்கட்கிழமையே செயலகத்துக்கு உங்களோடு வருவோம். சாதாரண தரம் எழுதிய பிள்ளைகளின் பெற்றோர் கட்டாயம் வாருங்கள். பாடம் தெரிவு செய்ய அவர்களுக்குத்தான் இன்னும் நேரம் இருக்கிறது.