படித்துக்கொண்டிருக்கும் புத்தகம்



புத்தகம் படிப்பதனால் விளையும் நன்மைகளைப் பற்றிப் பலர் பேச நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஆகையால் அதை நான் மறுபடியும் எடுத்துச் சொல்லப் போவதில்லை. இன்று நான் பேச வந்தது அதை ஒட்டிய வேறொரு விஷயம். சிநேகிதர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்து, தாங்கள் அப்போது படித்துக்கொண்டிருக்கிற புத்தகத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளுகிறார்களே, அந்தச் சம்பாஷணையைப் பற்றிப் பேச வந்தேன். படித்து முடித்த புத்தகத்தைப் பற்றி அல்ல. படித்துக்கொண்டிருக்கிற புத்தகத்தைப் பற்றி. இந்த வித்தியாசத்தை நேயர்கள் மனசில் இருத்திக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த ஒரு வித்தியாசம்தான்.

இப்போது ஒரு வழக்கம் பரவி வருகிறது. வருஷக் கடைசியில் எத்தனை புத்தகம் படித்தோம் என்று கணக்குச் சொல்லுகிறார்கள். ஐம்பது என்று ஒருவர் சொன்னால், இன்னொருவர் நூறு என்கிறார். திருநெல்வேலியில் நடந்த புத்தகத் திருவிழா ஒன்றில் ஓர் இளைஞரைச் சந்தித்தேன். முகத்திலே களை, பேச்சிலே பணிவு, கை நிறையப் புத்தகம். அந்த வருஷத்தில் தாம் முடித்தவற்றின் பட்டியலை அவர் ஆர்வத்தோடு சொல்லி வந்தபோது, அவற்றுள் ஒரு நாவலைக் குறிப்பிட்டு, அதில் எந்த இடத்தில் அவர் மனசு தங்கி நின்றது என்று கேட்டேன். அவர் கதைச் சுருக்கத்தைச் சொன்னார். மறுபடியும் கேட்டேன், கதாசிரியரைப் பற்றிய அபிப்பிராயத்தைச் சொன்னார். அவரிடம் குற்றம் இல்லை. எந்த இடம் என்று அவரை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். 'முடித்தாயிற்றா?' என்று மட்டுமே கேட்கிற ஒரு காலத்தில் அவர் வாசகராக வளர்ந்திருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கிறது.

முடித்த புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது நாம் தீர்ப்புச் சொல்லுகிறோம். படித்துக்கொண்டிருக்கிற புத்தகத்தைப் பற்றிப் பேசும்போதோ, தீர்ப்புச் சொல்ல நமக்கு அதிகாரம் இன்னும் வரவில்லை. முடிவு என்ன ஆகுமோ தெரியாது. நேற்று இரவு படித்த பக்கம் மட்டும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆகவே அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் பேச முடியும். அப்படிப் பேசும் பேச்சில் ஆச்சரியம் இருக்கும், சந்தேகம் இருக்கும், கேட்கிறவனுக்கும் அதில் நுழைய இடம் இருக்கும். தீர்ப்புச் சொல்லிவிட்டால் கேட்கிறவன் ஒன்று தலையாட்ட வேண்டும், அல்லது சண்டைக்கு வர வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

தீர்ப்புச் சொல்லாமல் படிக்கிற பக்கத்தைப் பற்றிப் பேசுகிற இந்தக் கலையிலே தமிழ்நாடு கண்ட மகாவித்வான் யார் என்று கேட்டால், நான் தயங்காமல் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் என்று சொல்லுவேன். அவரை நேயர்கள் அறிவீர்கள். சட்டம் படித்தவர், சட்டசபை அங்கத்தினராக இருந்தவர், அறநிலையப் போர்டில் கமிஷனராக உத்தியோகம் பார்த்தவர். ஆனால் இவற்றில் எதற்காகவும் இன்று அவரை யாரும் நினைப்பதில்லை. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில், தம் வீட்டு வட்டமான தொட்டிக்கட்டிலே, 1920களிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலந்தோறும் சிநேகிதர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு பாட்டைப் பற்றிப் பேசினாரே, அந்தப் பேச்சுக்காக நினைக்கிறார்கள். பிற்காலத்தில் அவர் குற்றாலத்திலே போய்த் தங்கிவிட்டபோது, சாரல் காலத்தில் அந்தச் சபை அங்கே கூடிற்று. ராஜாஜியும் கல்கியும் அங்கே வந்து அமர்ந்து கேட்டார்கள். வட்டத்தொட்டி என்று பெயர் பெற்ற அந்தச் சபையின் பழக்கத்திலே ஊறியவர்களில் பாஸ்கரத் தொண்டைமான் அரசாங்க அதிகாரி, மகாராஜன் நீதிபதி, மீ. ப. சோமு நம் வானொலியைச் சேர்ந்தவர். தமிழையே ஜீவனோபாயமாகக் கொண்ட பண்டிதர்கள் மட்டும் கூடிய சபை அன்று என்பதைக் காட்டுவதற்காகவே இவர்கள் உத்தியோகங்களைச் சொல்லுகிறேன்.

அங்கே அவர்கள் பேசிய புத்தகம் பெரும்பாலும் கம்பராமாயணம். டி.கே.சி. எத்தனையோ ஆண்டுகள் கம்பனைப் படித்தார். 1939-ல் காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கி நடத்திய முதல் விழாவுக்குத் தலைமை வகித்தார். 'கல்கி' பத்திரிகையில் கம்பர் தரும் காட்சிகளை வாரந்தோறும் எழுதினார். 1954-ல் காலமாகும் வரையில் கம்பனைக் கீழே வைக்கவில்லை. ஆனால் ஒருநாளும் அவர் கம்பனைப் 'படித்து முடித்தவராக'ப் பேசினதில்லை. நேற்றுத்தான் அந்தப் பாட்டைக் கண்டெடுத்தவர் போலவும், அதன் அடுத்த அடி என்ன சொல்லப் போகிறதோ என்று தாமும் காத்திருப்பவர் போலவும் பேசுவது அவர் சுபாவம். பதினாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்ட ஒரு காவியத்தை வைத்துக்கொண்டு, ஒரு மாலை முழுவதையும் விரல் விட்டு எண்ணக்கூடிய சில பாடல்களிலேயே கழிக்கிற துணிச்சல் அவருக்கு இருந்தது. கம்பன் பெயரில் வழங்கும் பாடல்களில் பெரும்பகுதி இடைச்செருகல் என்று அவர் ஒதுக்கியதும், அதற்காகப் புலவர்கள் கோபித்ததும் உங்களுக்குத் தெரிந்த விஷயம். அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. எந்தப் பாட்டை ஒதுக்கினார் என்பது ஆராய்ச்சியாளர்களுக்கு. எந்தப் பாட்டில் நின்றார் என்பதுதான் என்னைப் போன்ற ரசிகர்களுக்கு.

நின்றார் என்று சொன்னேன். அதுதான் அவர் வித்தை. நிற்பது. பாட்டை வேகமாகச் சொல்லிவிட்டு வியாக்கியானத்துக்குப் போவது பண்டிதர் வழக்கம். டி.கே.சி. வழக்கம் வேறு. முதலடியைப் பாவத்தோடு, இசையோடு சொல்லுவார். திரும்பவும் அதையே சொல்லுவார். கேட்பவர்கள் கண்ணுக்கு அந்தக் காட்சி வந்துவிட்டது என்று தெரிந்த பிறகே அடுத்த அடிக்குப் போவார். பதவுரை பொழிப்புரையெல்லாம் அவருக்கு அவசியப்படவில்லை. பாட்டைச் சொல்லுகிற முறையிலேயே உரை அடங்கியிருந்தது. என் தமிழாசிரியர் இளமையில் குற்றாலத்துக்குப் போய் வந்தவர். அந்த முறையை அப்படியே வாங்கி வந்து எங்களுக்குக் கொடுத்தார். வகுப்பில் மணி அடித்துவிடும், பாடம் இரண்டாம் அடியிலேயே நிற்கும். மீதி இரண்டடியை வீட்டுக்குப் போய்ப் படிக்காமல் எங்களால் தூங்க முடியாது.

அந்த முறையினால் என்ன பயன் என்பதற்கு எங்கள் கூட்டத்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறேன். நாங்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையிலுள்ள குறுக்குத்துறைப் படித்துறையில் கூடுவது வழக்கம். ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர், ஜவுளிக்கடைக் கணக்கர் ஒருவர், ரயில்வேயில் கார்டாக இருந்தவர் ஒருவர், மற்றவர்கள் ஆசிரியர்கள். எங்கள் கூட்டத்தில் யாரும் யாரையும் 'புத்தகம் எப்படி?' என்று கேட்பதில்லை. "எந்த இடத்துல நிக்கிய, அண்ணாச்சி?" என்றுதான் கேட்போம். அன்றைக்கு அந்தக் கேள்விக்குக் கணக்கர், தாம் அயோத்தியா காண்டத்தில் குகன் வருகிற இடத்தில் நிற்பதாகச் சொன்னார்.

கதை தெரிந்ததுதான். கங்கைக் கரையில் இராமனைக் காண வந்த வேடர் தலைவன் தேனும் மீனும் கொண்டு வந்து வைத்து, திருவுள்ளம் எதுவோ என்று கேட்டு நிற்கிறான். இராமன் இருப்பதோ தவசிகளுக்கு நடுவே. மீனை அவன் என்ன செய்யப் போகிறான்? கம்பன் உடனே பதிலைச் சொல்லவில்லை. இராமன் முதலில் அந்த முதிய தவசிகளைப் பார்க்கிறான். முகத்தில் ஒரு புன்முறுவல். அதற்குப் பிறகுதான் பேசுகிறான். கணக்கர் அந்தப் புன்முறுவலோடு நிறுத்திவிட்டார். அதற்கு மேல் தாம் இன்னும் போகவில்லை என்றும், நாலு நாளாக அங்கேயே இருப்பதாகவும் சொன்னார்.

எதற்காகச் சிரித்தான்? தாசில்தார், தம் உத்தியோக காலத்தில் ஏழைக் குடியானவன் ஒருவன் மனுவோடு கூட ஒரு கூடைக் கொய்யாப்பழமும் கொண்டு வந்து வைத்ததையும், அதை வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல், பக்கத்தில் இருந்தவர்கள் முகத்தைத் தாம் பார்த்ததையும் சொல்லி, இராமனும் அப்படியே பெரியவர்களின் அநுமதியைக் கேட்டான் என்றார். கணக்கர் ஒப்புக்கொள்ளவில்லை. கடையில் பட்டுப்புடவைக்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போது கைத்தறித் துண்டு வாங்க ஒருவன் வந்தால், முதலாளி முகத்தில் தெரிகிற குறிப்பைப் பார்த்தே மற்றவர்கள் அவனை நடத்துவார்கள். ஆகையால் அந்தப் புன்முறுவல் அநுமதி கேட்டதன்று, 'ஒருவரும் முகம் சுளிக்கக் கூடாது' என்று இட்ட ஆக்ஞை என்றார். இருட்டிவிட்டது, நாங்கள் எழுந்திருக்கவில்லை. அடுத்த பாட்டில் இராமன், அன்போடு கொண்டு வந்தது அமுதத்தைக் காட்டிலும் உயர்ந்தது, தூய்மையானது, நாமும் உண்டதற்கு ஒப்பு என்று சொல்லுகிறான் என்பது எங்களில் பலருக்குத் தெரியும். தெரிந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கணக்கர் அங்கே இன்னும் வரவில்லை அல்லவா?

நேயர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பேசுகிறவனுக்கு ஒரு தர்மம் உண்டு என்றால், கேட்கிறவனுக்கும் ஒரு தர்மம் உண்டு. சிநேகிதன் நிற்கிற இடத்தில் நாமும் போய் நிற்க வேண்டும். அவன் ஐம்பதாம் பக்கத்தில் இருக்கும்போது, 'நூறாம் பக்கத்தைப் பார், அங்கேதான் விஷயமே இருக்கிறது' என்று சொல்லுவது, சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் இலையில் ரசம் இருக்கும்போதே பாயசத்தை ஊற்றுவது போன்றது. திரும்பவும் சொல்லுகிறேன்: 'எப்படி?' என்று கேட்காதீர்கள், 'எந்த இடம்?' என்று கேளுங்கள்.

இதற்கு ஒரு சபை வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு பேர் போதும். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்ற கரிசல் கிராமத்தில், ஒரே வருஷத்தில், 1923-ல் பிறந்த இரண்டு சிநேகிதர்கள், கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும், சங்கீதத்தையும் புத்தகத்தையும் பங்கு போட்டுக்கொண்டே வளர்ந்தார்கள். பின்னால் அழகிரிசாமி பத்திரிகை வேலைக்காகச் சென்னைக்கும், அங்கிருந்து மலேயாவுக்கும் போனார், பேச்சுக் கடிதமாயிற்று. அந்தக் கடிதங்களைக் கி.ரா. பாதுகாத்து வைத்திருந்து வெளியிட்டிருக்கிறார். பெரிய எழுத்தாளர்களின் கடிதம் என்பதற்காக நான் அவற்றைச் சிலாகிக்கவில்லை. கையில் இருக்கிற ஒன்றைச் சிநேகிதனுக்குச் சொல்லாவிட்டால் தாங்காது என்கிற தவிப்பு அவற்றில் இருக்கிறது, அதற்காகச் சிலாகிக்கிறேன். டி.கே.சி.யின் கடிதங்களிலும் அதே தவிப்புத்தான்.

இவ்வளவுக்கும் அவகாசம் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. வருஷத்துக்கு நூறு புத்தகம் முடிக்க அவகாசம் இருக்கிறவர்களுக்கு, ஒரு பக்கத்தில் ஒரு மாலை நிற்க அவகாசம் இல்லை என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். புத்தக வாசிப்பு வட்டம் என்று இன்று பல ஊர்களில் நடத்துகிறார்கள், சந்தோஷம். ஆனால் எல்லோரும் ஒரே புத்தகத்தை முடித்துவிட்டு வர வேண்டும் என்று அங்கே விதி வைக்கிறார்கள். அந்த விதியை எடுத்துவிட வேண்டும் என்பது என் பிரார்த்தனை. முடிக்காதவனை உள்ளே விடுங்கள். அவனிடம்தான் புதுச் செய்தி இருக்கும்.

நான் இப்போது தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளில் இருக்கிறேன். முன்பு ஒரு தரம் படித்த நாவல்தான். ஆனாலும் இந்தத் தடவை ரங்கண்ணாவின் வீட்டைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. கும்பகோணத்தில், உலகத்துச் சத்தங்களிலெல்லாம் நாதத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிற அந்தக் கிழவரிடம் பாபு பாடம் கேட்கப் போகிறான். யமுனாவின் நினைவில் தவிக்கிற அதே பாபுதான். நாவலில் இந்தச் சங்கீதம் அந்த மோகத்துக்கு மருந்தாக வருகிறதா, அல்லது அதுவும் இன்னொரு மோகமா என்ற சந்தேகம் எனக்கு வந்திருக்கிறது. நாவலை முடித்தவர்கள் எழுதிய விமரிசனங்கள் அலமாரியில் இருக்கின்றன. அவற்றை நான் இப்போது எடுக்கப் போவதில்லை. எங்கள் ரயில்வே கார்டு இருக்கிறாரே, அவர் இளமையில் முறையாகச் சங்கீதம் கேட்டவர், கும்பகோணத்திலும் சில காலம் வேலை பார்த்தவர். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரைத்தான் கேட்க வேண்டும்.