பங்குக் கிணறும் பங்குக் கணினியும்

யாழ்ப்பாணத்துத் தோட்டக் காணி உறுதிகளை வாசித்தவர்கள் அவற்றிலே வழமையாக வரும் ஒரு தொடரை அறிவர். காணியின் பரப்பும் எல்லைகளும் கூறப்பட்ட பின்னர், கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் உண்டு என்று எழுதப்பட்டிருக்கும். இறைப்பு முறை பற்றிப் பங்காளிகளிடையே பிணக்கு வந்ததுண்டு. அது கோடு கச்சேரி ஏறியதுமுண்டு. ஆயினும், கிணறு எத்தனை பேருக்குரியது, தன் பங்கு எவ்வளவு என்பனவற்றை உறுதியைக் கையில் வைத்திருப்பவன் அறிவான்.

இன்று உலகெங்கும் சிறு வியாபாரிகளும் சங்கங்களும் பாடசாலைகளும் தத்தம் வலைத்தளங்களை வைத்திருக்கும் இடமும் ஒருவகைப் பங்குக் கிணறுதான். வலைத்தளம் என்பது ஆகாயத்தில் மிதப்பதன்று. இரவும் பகலும் ஓயாது இயங்கும் ஒரு கணினியில் அது பதிந்திருக்க வேண்டும். சேவர் எனப்படும் அக்கணினியைத் தனியாக வாடகைக்கு எடுக்கச் செலவு அதிகம். ஆதலின் ஒரே கணினியில் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளரைக் குடியமர்த்தி, ஒவ்வொருவரிடமும் மாதம் சில டொலர்களை மட்டும் அறவிடும் முறை தோன்றியது. இதனை ‘ஷெயார்ட் ஹோஸ்ரிங்’ என்பர்.

ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி எண் முகவரி வேண்டியிருந்தது. பின்னர், உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கும்போது எந்தத் தளத்தின் பெயரால் கேட்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என 1997ஆம் ஆண்டில் வெளியான எச்.ரி.ரி.பி. 1.1 விதிமுறை வகுத்தது. அதன் பயனாக ஒரே எண் முகவரியின் கீழ் எத்தனை தளங்களையும் வைத்திருத்தல் எளிதாயிற்று. அவ்வழி வந்த மலிவு பெரும் நன்மையே என்பதை மறுப்பதற்கில்லை. கையில் காசில்லாதவனும் உலகுக்குத் தன் கடையைக் காட்ட முடிந்தது.

துன்பம் தொடங்குவது அயலவரால். ஒரே கணினியில் குடியிருக்கும் ஒருவரின் தளத்துக்குத் திடீரெனப் பெருங்கூட்டம் வருமாயின், அல்லது அவருடைய நிரல் பிழையாக எழுதப்பட்டுக் கணினியின் வலுவை எல்லாம் விழுங்குமாயின், மற்றவர்களின் தளங்கள் தள்ளாடும். இதைத் தடுப்பதற்காக, ஒவ்வொரு குடிக்கும் அளவு வகுத்து அடைக்கும் மென்பொருள்கள் வந்துள்ளன. அயலவன் இறைத்து முடிக்கும் அபாயம் அவற்றால் குறைந்தது. ஆனால் இப்போது தன் அளவு முடிந்தவுடன் தன் தளமே 508 என்ற வழு எண்ணைக் காட்டி நின்றுவிடுகிறது. விளம்பரத்தில் ‘அளவற்றது’ என்று படித்தவருக்கு, கோப்புகளின் எண்ணிக்கைக்கும் கணினி வலுவுக்கும் வரம்பு உண்டென்பது நிபந்தனைகளின் அடியிலே, அதுவும் தளம் நின்ற பிறகே, தென்படுகிறது.

மின்னஞ்சலின் கதை இன்னும் பரிதாபமானது. ஒரே எண் முகவரியிலிருந்து பலர் கடிதம் அனுப்ப, அவர்களுள் ஒருவர் வேண்டாத விளம்பரக் கடிதங்களை ஆயிரக்கணக்கில் விடுத்தால், அந்த முகவரியே கறுப்புப் பட்டியலில் ஏறிவிடும். அதன்பின் குற்றமறியாத வியாபாரியின் விலைப்பட்டியல் வாங்குபவரைச் சென்று சேராது. அனுப்பியவர் அனுப்பிவிட்டதாகவே நம்பியிருப்பார். வாங்குபவரோ இவர் வாக்குத் தவறியவர் என்று எண்ணி வேறு கடை தேடிப் போய்விடுவார்.

இந்நிலையில் அவர் உதவி கேட்கிறார். முறைப்பாட்டுக்கு ஓர் இலக்கம் கிடைக்கிறது. சில மணி நேரத்தின் பின் மறுமொழி வருகிறது: தங்கள் உலாவியின் தற்காலிக நினைவகத்தை அழித்துப் பாருங்கள். அழித்துப் பார்க்கிறார், பயனில்லை. மறுபடி எழுதுகிறார். இம்முறை வேறொருவர் வந்து, முதலிலிருந்து விபரம் கேட்கிறார். மூன்றாமவர், தமது பக்கத்தில் தளம் நன்றாகத் திறக்கிறது என்கிறார். அவர் சொல்வது பொய்யன்று. விட்டுவிட்டு வரும் காய்ச்சல் வைத்தியரின் முன்னே இறங்கியிருப்பது போல, அவர் பார்த்த அந்த நிமிடத்தில் தளம் திறந்திருக்கலாம். முறைப்பாட்டின் மீது ‘தீர்க்கப்பட்டது’ என்று குறிக்கப்படுகிறது.

மறுமுனையில் இருப்பவரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதற்படி உதவியாளர் பலருக்குப் பழுதான அந்தக் கணினியைத் தொடும் அதிகாரமே இல்லை. ஒரே வேளையில் பல வாடிக்கையாளருடன் உரையாடிக்கொண்டு, முன்கூட்டியே எழுதி வைத்த விடைகளை எடுத்தனுப்புவதே அவர்களுக்கு இடப்பட்ட பணி. ஒரு நாளில் எத்தனை முறைப்பாட்டை மூடினார் என்று எண்ணப்படும் ஓரிடத்தில், ஒரு முறைப்பாட்டின் மூலகாரணத்தைத் தேடி இரண்டு மணி நேரம் செலவிடுபவர் திறமையற்றவராகவே கணிக்கப்படுவார். கோபம் அவர்மேற் பாய்வது இயல்பு, நியாயம் ஆகாது.

உடன்படிக்கையில் 99.9 வீதம் இயங்கும் என்று உறுதி கூறப்பட்டிருக்கிறதே எனச் சிலர் கேட்பர். கணக்கைப் போட்டுப் பார்ப்போமாக. முப்பது நாள் கொண்ட மாதத்தில் 43,200 நிமிடங்கள் உண்டு. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறக்குறைய 43 நிமிடம். அதுவரை தளம் நின்றாலும் வாக்குத் தவறியதாகாது. முன்னறிவித்த பராமரிப்பு நேரம் பெரும்பாலும் கணக்கிற் சேர்வதில்லை. கணினி உயிரோடிருந்து, பக்கம் திறக்க அரை நிமிடம் பிடித்தாலும் அது இயங்கியதாகவே கொள்ளப்படும். இவற்றையெல்லாம் கடந்து வாக்குத் தவறினால் கிடைக்கும் பரிகாரமோ, வழக்கமாக அம்மாத வாடகையில் ஒரு பகுதியோ முழுவதுமோ அடுத்த கணக்கில் கழிக்கப்படுதல். நான்கு டொலர் வாடகை கழிக்கப்பட்டவர், விழாக் காலத்து ஒருநாள் வியாபாரத்தை எங்கே சென்று கழிப்பது?

ஒரு கம்பனியை நம்பாமல் இரண்டு கம்பனிகளில் இடம் வைத்திருப்போம் என்று எண்ணிய கெட்டிக்காரர்களும் ஏமாந்ததுண்டு. என்டூரன்ஸ் இன்ரநஷனல் என்னும் அமெரிக்க நிறுவனம் 2010இல் புளூஹோஸ்ற் கம்பனியையும், 2012இல் ஹோஸ்ற்கேற்றர் கம்பனியையும் வாங்கிக்கொண்டது. பெயர்ப் பலகைகள் மட்டும் முன்போலவே தொங்கின. 2013 ஆகஸ்ற் 2ஆம் நாள் யூற்றா மாநிலத்துப் புரோவோ நகரிலிருந்த தரவு நிலையத்தில் வலையமைப்புப் பழுது ஏற்பட்டபோது, இவ்விரு கம்பனிகளோடு ஹோஸ்ற்மொன்ஸ்ரர், ஜஸ்ற்ஹோஸ்ற் என்பனவற்றின் வாடிக்கையாளரும் ஒரேயடியாகப் பாதிக்கப்பட்டனர். வெவ்வேறு ஊர்க் கிணறுகள் என்று எண்ணியவை அடியிலே ஒரே ஊற்று என்பது அன்று பலருக்கு விளங்கிற்று.

பிரான்ஸ் தேசத்து ஸ்திராஸ்பூர்க் நகரில் நிகழ்ந்தது அதனினும் கொடிது. 2021 மார்ச் 10ஆம் நாள் நள்ளிரவின் பின், ஓ.வி.எச். கம்பனியின் தரவு நிலையத்தில் தீ மூண்டது. ஐந்து மாடிக் கட்டிடம் ஒன்று முற்றாக எரிந்தது. எவருக்கும் உயிராபத்து நேரவில்லை என்பது ஆறுதல். ஏறத்தாழ 36 இலட்சம் வலைத்தளங்கள் செயலிழந்தன என நெற்கிராஃப்ற் நிறுவனம் கணக்கிட்டது. காப்புப் பிரதிக்கெனத் தனியாகப் பணம் கட்டியிருந்தவர்களுள் சிலர், அந்தப் பிரதியும் மூலத்தோடு அதே கட்டிடத்தில் இருந்து சாம்பலானதைப் பின்னர் அறிந்தனர். அவ்வாறு இழந்த ஒரு வாடிக்கையாளருக்கு நட்டஈடு வழங்குமாறு 2023இல் முதல்நிலை வணிக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெட்டகத்தின் மாற்றுச் சாவியை அதே பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டிய கதைதான் இது. அதற்கு வேறு கூலியும் வாங்கியிருந்தனர்.

இயந்திரம் பழுதாகும், தீயும் பிடிக்கும். அவற்றைக் குறையாகச் சொல்வதற்கில்லை. வாடிக்கையாளரின் உண்மையான மனத்தாங்கல், தாம் எத்தனை பேருடன் கூடியிருக்கிறோம், தம் பொருளின் பிரதி எங்கே இருக்கிறது, பெயர்ப் பலகைக்குப் பின்னால் இருப்பவர் யார் என்னும் மூன்றையும் அறியாமல் வாடகை கட்டுவதுதான். பங்கின் அளவு எழுதப்படாத உறுதியைக் காணி வாங்குபவர் எவரேனும் கையொப்பமிட்டு ஏற்பாரா? இங்கே இலட்சக்கணக்கானோர் ஏற்கின்றனர். மலிவு அந்தக் கேள்வியைக் கேட்கவிடாமல் வாயடைத்து விடுகிறது. முதலாண்டு மலிவு இரண்டாம் ஆண்டில் இரட்டிப்பாவதைக் கண்டபின்னரே பலருக்கு வாய் திறக்கிறது.

அக்கேள்விக்கு விடை கிடைக்காதவரை, தளத்தை நடத்துபவர் தம் கையிலே வைத்திருக்கத்தக்கவை சில உண்டு. தளம் நின்ற நாளையும் நேரத்தையும் வழு எண்ணையும் குறித்து, திரையின் படத்தோடு அனுப்பினால், நன்றாகத் திறக்கிறதே என்ற மறுமொழி வருவது அரிது. கோப்புகளையும் தரவுத்தளத்தையும் வாரந்தோறும் இறக்கித் தம் வீட்டுக் கணினியில் வைத்திருத்தல் வேண்டும். அப்பிரதியிலிருந்து தளத்தை மீள எழுப்ப முடிகிறதா என்று ஒருமுறையேனும் சோதித்தும் பார்த்தல் வேண்டும். தளத்தின் பெயர் கம்பனியின் பெயரிலன்றித் தம் பெயரிலேயே பதிவாகியிருக்கிறதா என்பதைக் கவனித்தல் இவற்றினும் முக்கியமானது. பெயர் பிறர் கையில் இருக்குமானால் குடிபெயர்வது கடினம்.

குடிபெயர்பவர் அவசரப்படலாகாது. பெயருக்குரிய எண் முகவரியை மாற்றிய பின்னரும், பழைய முகவரியை நினைவில் வைத்திருக்கும் கணினிகள் சில மணி நேரம், சிலவேளை இரண்டொரு நாள்வரை, பழைய இடத்துக்கே ஆட்களை அனுப்பிக்கொண்டிருக்கும். கடிதங்களும் அங்கே வந்து விழும். ஆதலின் புதிய இடத்தில் தளம் ஒழுங்காகத் திறக்கிறது என்று கண்டபிறகும், பழைய இடத்து வாடகையை அந்த மாதம் முடியும்வரை நிறுத்தாது, அங்குள்ள அஞ்சற்பெட்டியை நாள்தோறும் ஒருதரம் திறந்து பார்த்து வருதல் நன்று.