சொல் உட்காரும் இடம்



ஆங்கிலத்தில் எது பெயர்ச்சொல், எது வினைச்சொல், எது பெயரடை என்று பிரித்தறிவது எப்படி? முப்பது ஆண்டு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்ததில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான்.

பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் ஓர் அம்மா, மகளைப் பள்ளியில் சேர்த்ததை இப்படி எழுதியிருந்தார்: 'ஐ அட்மிஷன்ட் மை டாட்டர்.' அவர் யோசித்த வழி நியாயமானது. 'அட்மிஷன் போட்டேன்' என்றுதானே நாம் பேசுகிறோம்? 'போடு', 'பண்ணு' என்று ஒன்றைச் சேர்த்தால் நம் பேச்சுத் தமிழில் பல சொற்கள் வினையாகிவிடும். ஆங்கிலத்தில் அவ்வளவு எளிதில் அந்தத் துணை கிடைக்காது. '-ஷன்' என்று முடிகிற சொல் பெரும்பாலும் பெயர்தான். இங்கே வேண்டிய வினை 'அட்மிட்'. 'ஐ ஆம் டென்ஷன்' என்கிறோமே, அதுவும் இதே கதை. டென்ஷன் பெயர், 'டென்ஸ்' பெயரடை.

ஆனால் ஈற்றை மட்டும் நம்ப முடியாது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் அன்புக்கு 'லுஃபு', அன்பு செய்வதற்கு 'லுஃபியன்'. ஈறுகள் தேய்ந்து தேய்ந்து இன்று இரண்டுமே 'லவ்'. அதனால் சொல்லின் முகத்தைப் பார்க்காதீர்கள், அது உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். 'அடி வாங்கினான்', 'பந்தை அடி' என்பதில் நாம் குழம்புகிறோமா?

'க்ளீன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 'எ வெரி க்ளீன் ரூம்': முன்னால் 'வெரி' பொருந்துகிறது, பின்னால் பெயர் நிற்கிறது, எனவே பெயரடை. 'டோன்ட் க்ளீன் தி ரூம்': 'டோன்ட்' ஏற்கிறது, எனவே வினை. 'தி', 'மை' இவற்றுக்குப் பின்னால் வந்து, பொருளையோ ஆளையோ குறித்தால் பெயர். 'ரூம்' அப்படித்தான் நிற்கிறது.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். வானொலியில் பேசுவதால் உங்கள் காதுக்கே காட்டிவிடலாம். 'ரெ'க்கார்ட். ரி'கார்ட்'. மறுபடி சொல்கிறேன், கேளுங்கள். 'ரெ'க்கார்ட். ரி'கார்ட்'. எழுத்து ஒன்றுதான். அழுத்தம் முதல் அசையில் விழுந்தால் பதிவு. இரண்டாம் அசையில் விழுந்தால் பதிவு செய். 'ப்ரெ'சென்ட் பரிசு, ப்ரி'சென்ட்' வழங்கு. 'பெர்மிட்'டும் அப்படியே. வீட்டிலிருப்பவர்கள் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கு தானாக இடம் மாறும். 'க்ளோஸ்' இன்னும் நுட்பம். அருகில் என்ற பொருளில் கடைசி ஒலி பாம்பின் சீறல். மூடு என்றால் வண்டின் ரீங்காரம். கண் தவறவிடுவதைக் காது பிடித்துவிடுகிறது! எல்லாச் சொல்லும் இப்படி மாறாது, 'ஆன்சர்' மாறவே மாறாது. அங்கே மறுபடி இடம்தான் துணை.

ஒலிப்பதிவாளர் கைகாட்டிவிட்டார். இடத்தைப் பாருங்கள், ஈற்றைப் பாருங்கள், காதைக் கூர்மையாக்குங்கள். இன்றிரவு ஆங்கிலச் செய்தி கேட்கும்போது 'ரெக்கார்ட்' என்ற சொல் வந்தால், அழுத்தம் எங்கே விழுந்தது என்று பக்கத்திலிருக்கும் பிள்ளையைக் கேட்பீர்கள் என்று நம்புகிறேன். வணக்கம்.